அயோவா பல்கலைக்கழகம் 2008 வெள்ளத்திலிருந்து நிஜமாகவே மீண்டதா?

கேள்வி: 2008-ல் அயோவா ஆறு புகுந்து பாதி வளாகம் நாசமான அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம், ‘முன்பைவிடச் சிறப்பாக எழுந்தது’ என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். புதுக் கட்டடங்களின் படங்களும் அழகாகத்தான் இருக்கின்றன. இது நிஜமா, இல்லை பல்கலைக்கழக விளம்பரத் துறையின் கைவண்ணமா? அந்தச் சமயத்தில் அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அக்டோபர் 3

இருந்தேன். அப்போது அங்கே சிவில் இன்ஜினியரிங் முதுகலை மாணவன்.

முதலில் அந்தப் ‘பாதி வளாகம்’ என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இருபதுக்கும் மேற்பட்ட பெரிய கட்டடங்களில் தண்ணீர் ஏறியது. நட்டக் கணக்கு 74 கோடி டாலர் வரை போனது. ஆனால் கிழக்குக் கரை மேட்டில் இருக்கும் பழைய சட்டமன்றக் கட்டடம், அதைச் சுற்றியுள்ள வகுப்புகள், மேற்குக் குன்றின் மேல் உள்ள மருத்துவமனை எதுவும் நனையவில்லை. நனைந்தது ஆற்றங்கரை. அங்கே இருந்தவை பெரும்பாலும் கலைத் துறைகள்: ஹான்ச்சர் அரங்கம், வாக்ஸ்மன் இசைக் கட்டடம், கிளாப் கச்சேரி அரங்கு, ஓவியத் துறை, நாடகத் துறை, கலை அருங்காட்சியகம். கூடவே மாணவர் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளமும் மின்நிலையமும்.

அதனால் ‘பல்கலைக்கழகம் மீண்டதா’ என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தத் துறை, எத்தனை வருஷத்தில் என்று கேட்க வேண்டும். கோடை வகுப்புகள் ஒரு வாரம் போல நின்றன, ஆகஸ்டில் அடுத்த பருவம் சொன்ன தேதிக்குத் தொடங்கியது. மேட்டில் இருந்தவர்களுக்கு வெள்ளம் அத்தோடு முடிந்தது. இசைத் துறைக்கு எட்டு வருஷம் ஆனது. அருங்காட்சியகத்துக்குப் பதினான்கு.

அக்டோபர் 3, இரவு

அதற்குள் ‘அணையை ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டார்களா’ என்று ஒருவர் கேட்டுவிட்டார். வெள்ளம் என்றதும் நமக்கு முதலில் வருகிற சந்தேகம்!

இல்லை. பல்கலைக்கழகம் இருக்கும் அயோவா சிட்டிக்கு மேலே, அதே ஆற்றில் கோரல்வில் அணை இருக்கிறது. ராணுவப் பொறியாளர் படை 1958-ல் கட்டி முடித்தது. மதகு வழியாக விடும் தண்ணீருக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அதன் கலிங்குக்குக் கதவே கிடையாது. நீர்மட்டம் 712 அடியைத் தாண்டினால் தானாக வழியும், யாரும் எதையும் திறக்க வேண்டாம். 1993-ல் முதல் முறை வழிந்தது. 2008 ஜூன் 10-ம் தேதி இரண்டாம் முறை. பனிக்காலத்தில் கொட்டிய பனி, ஈரம் காயாத வசந்தம், மேலே ஜூன் மழை என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஜூன் 15 அன்று அயோவா சிட்டியில் ஆறு 31.53 அடி. அங்கே வெள்ள அளவு என்பதே 22 அடிதான். 1993-ன் உச்சம் 28.52.

அணையைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் வேறு இடத்தில் சொல்லலாம். அருங்காட்சியகம் திறந்தது 1969, இசைக் கட்டடம் 1971, ஹான்ச்சர் 1972. எல்லாம் அணைக்கு அப்புறம் வந்தவை. அணை இருக்கிறது, இனி ஆறு ஏறாது என்று நம்பி ஆற்றின் வெள்ளச் சமவெளியிலேயே ஒரு கலை வளாகத்தை எழுப்பினார்கள். ஆற்றைப் பார்த்தபடி கச்சேரி கேட்கலாம் என்பது நல்ல யோசனைதான். ஆறும் கேட்க வந்துவிட்டது.

ஒரு உபரித் தகவல்: 1993-ல் கலிங்கு வழிந்தபோது கீழே இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போய், 37 கோடி வருஷத்துக்கும் முந்தைய கடல் உயிர்களின் புதைபடிவங்கள் நிறைந்த பாறைத்தளம் வெளியே வந்தது. 2008-ல் இன்னும் கொஞ்சம் வந்தது. அந்த வெள்ளத்தில் கைக்கு ஏதாவது கிடைத்த ஒரே துறை நிலவியல்.

அக்டோபர் 5

நேரில் பார்த்ததைக் கேட்கிறீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, மணல் மூட்டைதான்.

மணல் மூட்டை போடுவதற்கு ஒரு முறை உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. நீரியல் பாடத்தில் வெள்ள அலை சமன்பாடெல்லாம் எழுதியவன்தான். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் பையை முட்ட முட்ட நிரப்பி வாயை இறுக்கிக் கட்டுவார்கள். அப்படிச் செய்தால் மூட்டை உருண்டையாக நிற்கும், இரண்டு மூட்டைக்கு நடுவே சந்து விழும், தண்ணீர் அதற்குள் வரும். பாதிக்குச் சற்று மேலே நிரப்பி, வாயை மடித்து அடியில் சொருகி, செங்கல் வரிசை போல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். எங்களை விரட்டி விரட்டி இதைச் சொல்லிக் கொடுத்தவர் வளாகப் பராமரிப்பு ஊழியர் ஒருவர். 93-ஐப் பார்த்தவர். பேராசிரியர்களையும் அதே குரலில்தான் விரட்டினார்.

அப்புறம் மைய நூலகம். கீழ்த்தளத்திலிருந்து மாடிப்படி வழியாக மேல் தளங்கள் வரை ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களையும் பெட்டிகளையும் ஏற்றினோம். என் வரிசையில் ஒரு பெரியவர், ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கைக்குக் கொடுத்தார். அவருக்குக் கீழே வரிசை அப்படியே தேங்கி நின்றது. ‘சார், ஆறு வருது’ என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்த வேண்டியதாகிவிட்டது. அவர் ஒரு புத்தகத்தை மட்டும் தன் பக்கம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். காட்டிக்கொடுக்கவில்லை.

அக்டோபர் 5, திரும்பவும்

மூட்டை அடுக்கியதால் எவ்வளவு தப்பியது என்று கேட்டால், பல இடங்களில் தண்ணீர் மேலே ஏறி வரவில்லை, கீழே இருந்து வந்தது. அந்த வளாகத்தில் கட்டடங்களுக்கு வெப்பம் கொண்டுபோக நீராவிக் குழாய்ச் சுரங்கங்கள் பூமிக்கடியில் ஓடுகின்றன. தண்ணீர் அதில் இறங்கிவிட்டது. ஆற்றோர மின்நிலையமும் நின்றது. மருத்துவமனைக்கு நீராவி வேண்டும், உலர்ந்த கட்டடங்களுக்கும் குளிர்காலம் வரும். தற்காலிகக் கொதிகலன்களைக் கொண்டுவந்து நிறுத்தி ஓட்டினார்கள். மீட்புக் கதைகளில் யாரும் கொதிகலனைப் படம் பிடித்துப் போடுவதில்லை. அந்த ஆகஸ்டில் வகுப்பு திறந்ததற்கு என்னைக் கேட்டால் முதல் நன்றி குழாய்க்காரர்களுக்கு.

அக்டோபர் 8

எட்டு வருஷம் என்று சொன்னதை விரித்துச் சொல்லச் சொல்கிறார்கள்.

ஓவியம், சிற்பம் படித்தவர்களை ஊர் எல்லையில் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு பழைய கடைக்குக் கொண்டுபோனார்கள். மரப்பலகை, ஆணி, பெயின்ட் என்று வீடு கட்டும் சாமான் விற்ற பிரம்மாண்டமான கொட்டகை அது. உள்ளே தடுப்புப் போட்டு ஸ்டுடியோ ஆக்கினார்கள். வளாகத்திலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டும். இசைத் துறை நகரம் முழுக்கச் சிதறியது. வணிக வளாகமாக இருந்த ஒரு கட்டடத்தில் கொஞ்சம், தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் கச்சேரி அரங்கு, மற்றவை கிடைத்த இடத்தில்.

என் அறைத்தோழன் செல்லோ வாசிப்பவன். பனியில் அந்தப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு கட்டடத்தில் பாடம், இன்னொன்றில் சாதகம், மூன்றாவதில் ஒத்திகை என்று போவான். அவன் சொன்ன பெரிய குறை நடை இல்லை. ‘பக்கத்து அறையில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்க முடியவில்லை’ என்பான். இசைப் பள்ளியில் பாதிப் படிப்பு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போலிருக்கிறது. எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

2016-ல் எல்லாம் ஒரே வருஷத்தில் திறந்தன. சீஸர் பெல்லியின் நிறுவனம் வடிவமைத்த புது ஹான்ச்சர், பழையதற்குப் பக்கத்திலேயே, ஆனால் மேட்டில். நகர மையத்தில் புது வாக்ஸ்மன், உள்ளே ஜெர்மனியின் கிளாய்ஸ் நிறுவனம் செய்த பைப் ஆர்கன். கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹால் வடிவமைத்த காட்சிக்கலைக் கட்டடம். மூன்றும் அருமையான கட்டடங்கள், விளம்பரத் துறை பொய் சொல்லவில்லை. ஆனால் 2008-ல் சேர்ந்து 2012-ல் பட்டம் வாங்கியவன் அதில் ஒரு நாள்கூட வாசிக்கவில்லை. ‘முன்பைவிடச் சிறப்பாக’ என்ற வாக்கியத்தில் அவனுக்கு இடம் எங்கே?

அக்டோபர் 11

ஏன் எட்டு வருஷம், பணம் இல்லையா என்றால், பணம் இருந்தது. கூடவே விதியும் இருந்தது.

மத்தியப் பேரிடர் அமைப்பான ஃபெமாவின் கணக்கு இப்படி: சேதத்தைப் பழுதுபார்க்க ஆகும் செலவு, புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தொட்டால் புதுக் கட்டடத்துக்குப் பணம். தொடாவிட்டால் பழுதுபார்க்க மட்டும். ஹான்ச்சர், இசை, ஓவியக் கட்டடங்கள் அந்தக் கோட்டைத் தாண்டின. அப்படித்தான் முடிவானது. 2012-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கையாளர் வந்து அந்தக் கணக்கே சரியில்லை என்று ஒரு அறிக்கை போட்டார். ஃபெமா தன் முடிவில் நின்றதால் தப்பியது.

அருங்காட்சியகம் கோட்டைத் தாண்டவில்லை. கட்டடம் அவ்வளவு மோசமாகச் சேதமாகவில்லை, எனவே பழுதுபார்த்துத் திரும்பப் போங்கள் என்றது ஃபெமா. காப்பீட்டுச் சந்தையான லண்டன் லாயிட்ஸோ, அந்த இடத்தில் வைக்கும் ஓவியங்களுக்கு இனி காப்பீடு தர மாட்டோம் என்றது. கட்டடம் நிற்கிறது, படம் மாட்ட முடியாது. இந்த இரண்டு காகிதங்களுக்கு நடுவில்தான் அருங்காட்சியகம் பதினான்கு வருஷம் மாட்டிக்கொண்டது.

அக்டோபர் 12

அந்த அருங்காட்சியகத்தில் அப்படி என்ன என்று கேட்டவருக்கு: அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1943-ல் வரைந்த ‘மியூரல்’. இருபதடி அகலம், எட்டடி உயரம். கலைச் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைம் தன் வீட்டுக்காக வரையச் சொன்னது, அவரே 1951-ல் இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊரில் இது இருப்பதே பலருக்கு ஆச்சரியம்.

தண்ணீர் வருவதற்கு முன்பே சேகரிப்பின் பெரும்பகுதியை லாரிகளில் ஏற்றி வெளியே அனுப்பிவிட்டார்கள். மியூரல் பிறகு டேவன்போர்ட் நகரின் ஃபிக் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2012-ல் லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி நிலையத்துக்குப் போனது. அங்கே பழைய வார்னிஷை நீக்கி, தொய்ந்திருந்த கித்தானுக்குப் புதுச் சட்டம் பொருத்தி, சாயங்களையும் ஆராய்ந்தார்கள். அப்புறம் வெனிஸ், பெர்லின், லண்டன், வாஷிங்டன் என்று ஊர் ஊராகச் சுற்றியது. 2022 ஆகஸ்டில் நூலகத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்லி கலை அருங்காட்சியகம் திறந்தபோதுதான் வீடு திரும்பியது.

வெள்ளம் வராமலிருந்தால் இவ்வளவு பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். இருந்தாலும் எனக்கு அது பிடிக்காது. நடுவில் படித்துப் போன மாணவர்களுக்கு அது தங்கள் பல்கலைக்கழகத்தின் ஓவியம் என்று கேள்விப்பட்டதோடு சரி.

அக்டோபர் 19

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் ஒரே புலம்பலாகத் தெரிகிறேன். வெள்ளத்தால் மட்டுமே பிறந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அயோவாவில் நீரியல் ஆய்வு 1920-களிலிருந்து நடக்கிறது. ஆய்வுக்கூடக் கட்டடம் ஆற்றின் கரையிலேயே, பர்லிங்டன் தெருத் தடுப்பணைக்குப் பக்கத்தில் நிற்கிறது. உலகம் முழுக்க நீரியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த இடம். ஆனாலும் 2008-ல் ‘இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வருமா, எப்போது வரும்’ என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டால் சொல்ல வழியில்லை. ஆற்றில் அளவுகோல்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அறிவு இருந்தது, அளவீடு இல்லை.

2009-ல் மாநிலச் சட்டமன்றம் பணம் ஒதுக்கி, பல்கலைக்கழகத்திலேயே அயோவா வெள்ள ஆய்வு மையத்தை அமைத்தது. விடோல்ட் கிரயேவ்ஸ்கி, லாரி வெபர் இருவரும் முன்னின்றார்கள். பல்கலைக்கழகம் ஒன்றில் வெள்ளத்துக்கென்றே மையம் அமைத்தது அமெரிக்காவில் அதுதான் முதல்.

அவர்களுடைய கருவியை ஒருநாள் பாலத்தில் மாட்டும்போது உடன் போயிருந்தேன். பார்க்க ஒன்றுமே இல்லை. பாலத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டி, மேலே சூரியத் தகடு, உள்ளே பேட்டரியும் செல்போன் மோடமும், கீழ்நோக்கி ஒரு மீயொலி உணரி. ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆற்றின் மட்டத்தைக் கணக்கிடும். தண்ணீரைத் தொடவே தொடாது, அதனால் மிதந்து வரும் மரக்கட்டை அடித்துக்கொண்டு போகாது. மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கிய கருவி இது. இப்போது மாநிலம் முழுக்க 200-க்கும் மேல் மாட்டியிருக்கிறார்கள். அளவுகளும் எந்த மட்டத்துக்கு எந்தத் தெரு நனையும் என்ற வரைபடங்களும் இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2013-ல் மழை அளக்கும் செயற்கைக்கோளுக்கான தரைச் சோதனைக்கு நாசா தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று இதே அயோவா. 2016-ல் மத்திய வீட்டுவசதித் துறை மாநிலத்துக்குக் கொடுத்த 9.69 கோடி டாலரில், ஆற்றின் மேல்பகுதிகளில் குளங்களும் ஈரநிலங்களும் அமைக்கும் வேலை நடந்தது. அதன் திட்டத்திலும் இந்த மையத்துக்குப் பெரிய பங்கு.

புது ஹான்ச்சர் அழகுதான். ஆனால் ‘வெள்ளத்துக்கு அப்புறம் என்ன சாதித்தார்கள்’ என்று கேட்டால் நான் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

அக்டோபர் 20

‘வாயேஜரை விட்டுவிட்டீர்களே’ என்கிறார் ஒருவர். சரி. நாசாவின் வாயேஜர் 1 விண்கலத்தில் உள்ள பிளாஸ்மா அலைக் கருவி அயோவாவின் டொனால்ட் கர்னெட் குழு செய்தது. அந்தக் கருவியின் பதிவுகளை வைத்துத்தான் விண்கலம் 2012 ஆகஸ்டில் விண்மீன்களுக்கு இடையேயான வெளிக்குள் நுழைந்துவிட்டது என்று 2013-ல் அறிவித்தார்கள். மனிதன் செய்த பொருள் ஒன்று அங்கே போனது அதுவே முதல் தடவை. 2019-ல் ட்ரேசர்ஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள் திட்டத்துக்கு நாசா 11.5 கோடி டாலர் கொடுத்தது. பல்கலைக்கழக வரலாற்றில் அதுவரை வந்ததிலேயே பெரிய ஆய்வு நிதி. 2025 ஜூலையில் ஏவினார்கள். எழுத்துத் துறைக்கும் குறைவில்லை. வெள்ளம் வடிந்த அதே வருஷம் நவம்பரில் யுனெஸ்கோ அயோவா சிட்டியை ‘இலக்கிய நகரம்’ ஆக்கியது. எழுபதுகளிலேயே நம் எழுத்தாளர் அசோகமித்திரன் வந்து சில மாதங்கள் தங்கிப் போன ஊர்தானே.

இவற்றை ‘மீட்சி’ என்று எழுதுவதில்தான் எனக்குத் தயக்கம். வாயேஜர் கருவி 1977-ல் ஏவப்பட்டது. அந்த இயற்பியல் கட்டடம் மேட்டில் இருக்கிறது. ஆறு அதன் பக்கமே போகவில்லை. மேட்டுத் துறைகள் செய்த சாதனையைக் கரைத் துறைகளின் மீட்சிக் கணக்கில் எழுதினால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ளலாம். 74 கோடி டாலர் நட்டத்தைச் சுமந்த நிர்வாகம் மற்ற துறைகளின் கழுத்தை நெரிக்காமல் அந்த வருஷங்களை ஓட்டியது சாதாரண வேலை இல்லை.

நவம்பர் 2

வேறு பல்கலைக்கழகம் ஏதாவது இப்படி என்றால் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம். 1997 ஜூலை 28, ஃபோர்ட் காலின்ஸ். ஆறுகூட இல்லை, ஒரு ஓடை. மார்கன் நூலகத்தின் கீழ்த்தளச் சுவரை உடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே போனது. ஐந்து லட்சத்தை நெருங்கும் நூல்களும் இதழ்த் தொகுதிகளும் நனைந்தன.

நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வந்துவிடும். அதனால் உடனே உறைய வைத்தார்கள். உறைந்தால் கெடுவது நிற்கும், அவசரம் போய்விடும். பிறகு வெற்றிட அறையில் வைத்தால் பனி நீராகாமல் நேராக ஆவியாகும், பக்கம் மறுபடி நனையாமல் உலரும். அதற்குள் பருவம் தொடங்கிவிட்டது, ஆய்விதழ்கள் பனிக்கட்டியில். மற்ற நூலகங்களிலிருந்து கட்டுரைகளை வேகமாக வரவழைக்க அந்த நூலக ஊழியர்களே ஒரு முறையை உருவாக்கினார்கள். ராபிட்ஐஎல்எல் என்ற பெயரில் அது பின்னால் நூற்றுக்கணக்கான நூலகங்களுக்குப் பரவியது.

அதே வெள்ளத்திலிருந்து இன்னொன்றும் வந்தது. ஊரின் ஒரு பக்கம் 14 அங்குலத்துக்கு மேல் மழை, வேறு பக்கங்களில் சாதாரண மழை. இருந்த சில மழைமானிகளால் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியவில்லை. அங்கிருந்த காலநிலையியலாளர் நோலன் டோஸ்கன் 1998-ல் பொதுமக்கள் கையில் மழைமானி கொடுத்து ஒரு வலையமைப்பைத் தொடங்கினார். கோகோராஸ் என்று பெயர். இன்று அமெரிக்கா முழுக்கவும் கனடாவிலும் தன்னார்வலர்கள் காலையில் எழுந்து நாலங்குல அகல மழைமானியைப் பார்த்து எழுதுகிறார்கள்.

பாருங்கள், இங்கேயும் அளவீடுதான் குறைந்திருந்தது.

நவம்பர் 3

‘நூறு வருஷ வெள்ளம் 93-ல் வந்தாகிவிட்டது, 2008-ல் எப்படி மறுபடி’ என்பவருக்கு: அது தவணை இல்லை. எந்த வருஷத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு, அவ்வளவே. முப்பது வருஷ வீட்டுக் கடன் காலத்தில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. 2013-லும் ஆறு ஏறும் என்ற பயத்தில் தடுப்புகள் போட்டார்கள், 2008 அளவுக்கு வரவில்லை.

நவம்பர் 9

மியூரல் ஓவியத்தை விற்கப் பார்த்தார்களாமே என்ற கேள்விக்கு: ஆமாம். வெள்ளம் வந்த வருஷமே நிர்வாகக் குழுவில் ஒருவர் அதற்கு விலை மதிப்பிடச் சொன்னார். 2011-ல் சட்டமன்றத்தில், விற்று உதவித்தொகை நிதி அமைக்கலாம் என்று ஒரு மசோதாவே வந்தது. அருங்காட்சியக உலகம் சத்தம் போட்டது, கைவிட்டார்கள்.

அதைவிட எனக்கு எரிச்சலூட்டியது 2017. வெள்ள ஆய்வு மையத்துக்கு மாநிலம் வருஷாவருஷம் கொடுத்துவந்த 15 லட்சம் டாலரை பட்ஜெட்டில் மொத்தமாக வெட்டப் பார்த்தார்கள். வெள்ளம் வந்து ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. ஊர்க்காரர்களும் பேரிடர் அலுவலர்களும் கூச்சல் போட்டதும் பணம் திரும்பி வந்தது, கொஞ்சம் குறைந்து. இருபது அடி ஓவியத்தை விற்கிறோம் என்றால் நியூயார்க்கிலிருந்துகூட எதிர்ப்பு வரும். பாலத்தடிப் பெட்டிக்காகக் குரல் கொடுக்க உள்ளூர்க்காரர்களை விட்டால் ஆளில்லை.